ரோஜா ஏன் தலைகீழாக வந்தது? பாசிமணி வைத்துப் பின்னும் சுருக்குப் பை

கேள்வி இது: “1830 வாக்கில் ஜெர்மனியில் செய்த ஒரு சின்ன பர்ஸின் படத்தைப் பார்த்தேன். உள்ளங்கை அளவுதான். மேலெல்லாம் பாசிமணி, நடுவில் தூரிகையால் தீட்டியது போல ரோஜா மாலை. நிட்டிங் செய்தது என்று குறிப்பு போட்டிருந்தது. ஸ்வெட்டர் பின்னுகிற மாதிரி பின்னி, மணியில் எப்படிப் படம் கொண்டுவர முடியும்? நானும் 40 கண்ணி போட்டு வட்டமாகப் பின்னி ஒரு ரோஜாவை முயன்றேன். பாதி மணி உள்பக்கம் போய் ஒளிந்துகொண்டது. தெரிந்த பாதியில் ரோஜா தலைகீழாக நிற்கிறது. எங்கே தப்பு? நம் ஊரில் கிடைக்கிற மணியில் இதைச் செய்ய முடியுமா?”

செய்ய முடியும். தப்பு இரண்டும் வேறு வேறு நேரத்தில் நடந்தவை. மணி உள்ளே போனது பின்னும்போது நடந்த தப்பு. ரோஜா கவிழ்ந்தது அதற்கு முன்பே, நீங்கள் ஊசியைக் கையில் எடுக்காதபோதே, கோர்க்கும்போது நடந்துவிட்டது. இந்தக் கலையில் முதலில் மனசில் பதிய வேண்டியது இதுதான். ரோஜாவின் சிவப்பும் இலையின் பச்சையும் பின்னும்போது தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. முழுப் படமும் ஒற்றை நூலில், ஒன்றன்பின் ஒன்றாக, மணி வரிசையாக ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. பின்னுகிறவர் கண்ணிக்கு ஒரு மணியாக அதை இறக்கி வைத்துக்கொண்டே போகிறார். நடுவில் ஒரு மணி கூடினாலோ குறைந்தாலோ அதற்கப்புறம் வருகிற எல்லாமே ஒரு கட்டம் தள்ளிப் போய்விடும்.

நீங்கள் பார்த்த பர்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் செய்முறையும் விளங்கும்.

18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பியப் பெண்கள் பாவாடைக்கு அடியில், இடுப்பில் நாடாவால் கட்டிய தனிப் பைகளை வைத்திருந்தார்கள். பாவாடையின் பக்கவாட்டில் இருக்கும் திறப்பு வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே ஏற்பாடு. 1790களில் உடை மாறியது. பழைய கிரேக்கச் சிலைகளைப் பார்த்து, மெல்லிய துணியில் உடம்போடு விழுகிற நீள அங்கி நாகரிகமானது. அந்த மெல்லிய துணிக்கு அப்போது பேர்போனது வங்காளத்து மஸ்லின். அதற்கு அடியில் பை கட்டினால் புடைத்துக்கொண்டு தெரியும். அதனால் பை வெளியே வந்து கைக்கு வந்தது. ரெட்டிக்யூல் என்று பெயர். வாயில் கயிறு போட்டுச் சுருக்குவதுதான் அதன் பழக்கமான வடிவம். எல்லோர் கண்ணிலும் படுகிற பொருளாகிவிட்டதால் அழகும் தேவைப்பட்டது.

பட்டு நூலில் பாசிமணி கோர்த்து, மெல்லிய எஃகு ஊசிகளில் பின்னிய பைகள் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பெருகின. அதில் பேர் வாங்கிய ஊர் தென் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குக் கிழக்கே இருக்கும் ஷ்வேபிஷ் க்முண்ட். தங்க வெள்ளி வேலைக்குப் பெயர்போன ஊர் அது. மணிப் பை பின்னுவது அங்கே பெண்கள் வீட்டிலிருந்து செய்யும் பிழைப்பாகவும் இருந்தது. படங்களும் காலத்தோடு மாறின. ரோஜா, நீலப் பூக்கள், கோட்டை, பாழடைந்த மண்டபம், கல்லறைமேல் சாய்ந்த மரம் எல்லாம் உண்டு. 1826இல் எகிப்தை ஆண்ட முகம்மது அலி பிரெஞ்சு அரசர் பத்தாம் சார்லஸுக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியைப் பரிசாக அனுப்பினார். மார்செய்யில் கப்பலிலிருந்து இறங்கிய அந்த விலங்கை 1827இல் பாரிஸ் வரை நடத்தியே கூட்டிப்போனார்கள். வழியெங்கும் மக்கள் திரண்டு பார்த்தார்கள். அந்தப் பரபரப்பில் ஒட்டகச்சிவிங்கி மணிப் பைகளிலும் ஏறியது. பைகளின் வயதைக் கணிக்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட படங்கள் பெரிய உதவி.

இவற்றோடு நீளமாகக் காலுறை போல ஒரு பர்ஸும் வழக்கத்தில் இருந்தது. இரண்டு முனையும் மூடியிருக்கும், நடுவில் மட்டும் ஒரு கீறல். அதன் வழியாகக் காசைப் போட்டு, மேலே இரண்டு வளையங்களை நகர்த்தி இறுக்கிவிடுவார்கள். சிலவற்றில் ஒரு முனை வட்டமாகவும் இன்னொன்று சதுரமாகவும் இருக்கும். இருட்டில் தடவிப் பார்த்தே தங்கக் காசு எந்தப் பக்கம், வெள்ளிக் காசு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த வடிவம் அது. ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல, விட்டுவிடுகிறேன்.

மணி எங்கிருந்து வந்தது? வெனிஸுக்குப் பக்கத்திலுள்ள முரானோவிலிருந்தும், இன்றைய செக் குடியரசில் இருக்கும் பொஹீமியாவிலிருந்தும். உருகிய கண்ணாடி உருண்டைக்குள் காற்றை அடைத்து, இரண்டு பக்கமும் கம்பியை ஒட்டி, இரண்டு பேர் எதிர் எதிர்த் திசையில் வேகமாக ஓடுவார்கள். கண்ணாடி இழுபட்டு மெல்லிய நீளக் குழாயாகும். உள்ளே இருந்த காற்றும் கூடவே இழுபட்டு, குழாய் நெடுகத் துளையாக நிற்கும். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, துளை அடைபடாமல் இருக்கக் கரித்தூளும் சுண்ணாம்பும் கலந்து புரட்டி, சூட்டில் உருட்டினால் கூர் விளிம்பு மழுங்கி மணியாகும். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்த சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளும் குழாய் இழுத்து நறுக்கியவைதான். இழுக்கும் முறை மட்டும் வேறு. அந்த முறை ஆந்திராவின் பாப்பநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. நம் கைக்கு அந்நியமான பொருள் இல்லை இது.

வெனிஸில் மணியைச் சரமாகக் கோர்ப்பது பெண்களின் வேலை. மடியில் மரத்தட்டு நிறைய மணி. கையில் டஜன் கணக்கில் நீள ஊசிகளை விசிறி போலப் பிடித்து மணிக் குவியலுக்குள் குத்தி எடுப்பார்கள். ஒவ்வொரு குத்துக்கும் எல்லா ஊசியிலும் சில மணிகள் ஏறும். ஒரே நிறச் சரத்துக்கு அந்த வித்தை போதும். படத்துக்கு ஆகாது. படத்துக்கு ஒவ்வொரு மணியாகத்தான் எண்ணிக் கோர்த்தாக வேண்டும், அன்றும் இன்றும்.

பழைய பைகளின் மணி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். ஒரு கணக்குப் போடுங்கள். சுற்றுக்கு 120 கண்ணி, 150 சுற்று என்று வைத்தால் 18,000 மணி. படத்தைப் பார்த்துப் பார்த்து நிமிடத்துக்கு 20 மணி கோர்த்தாலும், பின்ன ஆரம்பிக்கும் முன் 15 மணி நேரம் கோர்ப்பதற்கே போய்விடும். அதனால்தான் ஓவியம் போலத் தெரிகிறது. அத்தனை சின்னப் புள்ளிகள்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. மணிப் பை எல்லாமே நிட்டிங் இல்லை. குரோஷா ஊசியில் பின்னியதும், தறியில் நெய்ததும், ஒவ்வொரு மணியாகத் தைத்துச் சேர்த்ததும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளேயும் மணியே தெரிந்தால் அது தைத்துச் சேர்த்தது அல்லது தறியில் நெய்தது. அதில் மணிகளுக்கு நடுவே நேர்நேராக நீள நூல் ஓடினால் தறி. மணியே தெரியாமல் நூல் மட்டும் தெரிந்தால் நிட்டிங் அல்லது குரோஷா. அதில் சின்னச் சின்னக் கண்ணிகள் தூண் தூணாக மேலே ஏறினால் நிட்டிங். முடிச்சு முடிச்சாகத் தடித்த வரி சுற்றிக்கொண்டே போனால் குரோஷா.

இப்போது உங்கள் முதல் தப்பு, மணி உள்ளே போனது.

ஊசிமேல் நிற்கும் கண்ணிக்கு இரண்டு கால்கள். உங்கள் பக்கம் இருப்பது முன்கால், ஊசிக்குப் பின்னால் இருப்பது பின்கால். சாதாரண நிட்டிங்கில் கண்ணியின் முன்கால் வழியாக ஊசியை விட்டு நூலை இழுப்போம். அந்தக் கண்ணி இரண்டு கால்களையும் அகட்டிக்கொண்டு திறந்தே நிற்கும். அதில் மணி ஏறினால் உட்கார இடம் இருக்காது. இரண்டு கால்களுக்கும் நடுவே இருக்கும் சந்து வழியாக உள்பக்கம் நழுவிவிடும். கண்ணியை முறுக்கிவிட்டால் கால்கள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே விழுந்து அந்தச் சந்தை மூடிவிடும். மணி ஒரு காலில் மாட்டிக்கொண்டு வெளியே பார்த்து நிற்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான், முன்காலுக்குப் பதிலாகப் பின்காலில் ஊசியை விடுவது.

ஒரு கண்ணியை மெதுவாகச் செய்து பார்ப்போம். வலது ஊசியின் முனையைக் கண்ணியின் பின்காலுக்குள் விடுங்கள். நூலில் காத்திருக்கும் மணிகளில் ஒன்றை மட்டும் விரலால் நகர்த்தி, ஊசிக்கு ஒட்டினாற்போலக் கொண்டுவாருங்கள். நூலை ஊசி முனையில் சுற்றுங்கள். இப்போது நூலை மட்டும் இழுத்தால் மணி பின்னாலேயே தங்கிவிடும். இடது கை ஆள்காட்டி விரலால் மணியைப் பின்னாலிருந்து தள்ளி, சுற்றிய நூலோடு சேர்த்துக் கண்ணி வழியாக உங்கள் பக்கம் கொண்டுவர வேண்டும். வரும்போது கண்ணி ஒரு நொடி அகன்று, மணி தாண்டியதும் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை விரலில் உணரலாம். பழைய கண்ணியை ஊசியிலிருந்து விடுங்கள். மணி லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். வட்டமாகப் பின்னினால் எல்லா மணியும் ஒரே பக்கம் சாயும், பழைய பைகளிலும் அந்தச் சாய்வு தெரியும். முறுக்கிய கண்ணி என்பதால் துணி முழுவதுமே கொஞ்சம் திருகிக்கொள்ளும். அது குறையில்லை.

கண்ணி இறுக்கமாக இருக்க வேண்டும். மணி நழுவுவதற்கு முறுக்காதது ஒரு காரணம் என்றால், மணிக்குப் பொருந்தாத தடி ஊசி இன்னொரு காரணம். நீங்கள் எந்த ஊசியில் பின்னினீர்கள் என்று எழுதவில்லை. 2 மி.மீ. ஊசி என்றால் அது பெரிது. 11 எண் மணிக்கு, அதாவது 2 மி.மீ.க்குச் சற்று மேலான மணிக்கு, 1.25 மி.மீ. ஊசி சரி. கடையில் கிடைக்காவிட்டால், 18 கேஜ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி ஏறக்குறைய அதே கனம்தான். கையால் வளைக்க முடியாத விறைப்பான கம்பியாகக் கேட்டு வாங்கி, 18 செ.மீ. துண்டுகளாக ஐந்து வெட்டி, இரண்டு முனையையும் உப்புத்தாளில் உருட்டித் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். நான்கில் கண்ணி நிற்கும், ஐந்தாவதால் பின்னுவது. என் ஊசிகள் அப்படிச் செய்தவைதான், பல வருஷமாக ஓடுகின்றன.

அடுத்தது ரோஜா. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நூலில் முதலில் கோர்த்த மணி உள்ளே, நூற்கண்டுப் பக்கம் போய்விடும். கடைசியில் கோர்த்ததுதான் ஊசிக்குப் பக்கத்தில் நிற்கும், அதுதான் முதலில் பின்னலில் ஏறும். ஆகவே படத்தைப் பின்னும் வரிசைக்கு நேர் எதிராகக் கோர்க்க வேண்டும். பைக்கு அடியிலிருந்து மேல் நோக்கி, வட்டமாகப் பின்னுகிறோம் என்று வையுங்கள். வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணிகள் வலமிருந்து இடமாக ஏறும். அதாவது முதலில் வருவது கீழ் வரியின் வலது ஓரம். கடைசியில் வருவது மேல் வரியின் இடது ஓரம். இதைத் திருப்பினால் கோர்க்கும் வரிசை கிடைக்கும். மேல் வரியில் இடது ஓரத்தில் ஆரம்பித்து வலது பக்கம் போய், அடுத்த வரிக்கு இறங்கி, மறுபடி இடமிருந்து வலம். அதாவது ஒரு பக்கத்தைப் படிக்கிற மாதிரியே!

இது எனக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று. அதுவரை கட்டத் தாளைத் தலைகீழாக வைத்து, கண்ணாடியில் காட்டி, என்னென்னவோ செய்து குழம்பினேன். ஒன்றும் வேண்டாம். படம் நேராக உங்கள் முன்னால் இருக்கட்டும், கடிதம் வாசிப்பது போல மேலிருந்து வாசித்துக்கொண்டே கோர்த்துக்கொண்டு போங்கள். வாயிலிருந்து அடிக்குப் பின்னுவதானால் மட்டும் தாளைத் தலைகீழாகத் திருப்பி, அதே போல வாசிக்க வேண்டும். இடது கைப் பழக்கத்தால் கண்ணியை எதிர்த் திசையில் ஏற்றுகிறவர்கள் ஒவ்வொரு வரியையும் வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும்.

உங்கள் ரோஜா கவிழ்ந்தது எப்படி என்று இப்போது தெரிந்திருக்கும். பின்னல் கீழ் வரியில் வலது ஓரத்தில் தொடங்குகிறது என்பதால் கோர்ப்பதையும் அங்கேயே தொடங்கியிருக்கிறீர்கள். யாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும்.

18,000 மணியையும் ஒரே மூச்சில் கோர்க்க வேண்டாம். ஒவ்வொரு கண்ணிக்கும் மீதி மணிகளை நூலில் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருப்போம். கண்ணாடித் துளையின் விளிம்பு நூலை உரசி உரசி நூல் பஞ்சாகிவிடும். ஒரு தடவைக்கு 1,500 மணி, மிஞ்சினால் 2,000. படத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, அடிப்பட்டையை முதலில் எடுத்து, அந்தப் பட்டைக்குள் மேலிருந்து கீழே வாசித்துக் கோர்த்துப் பின்னி முடியுங்கள். நூலை வெட்டி, அடுத்த பட்டையைக் கோர்த்து இணையுங்கள். முடிச்சு உள்பக்கம் போய்விடும், உள்ளே அஸ்தர் துணி வைத்துத் தைத்தால் தெரியவே தெரியாது.

ஒவ்வொரு வரி முடிந்ததும் ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தை ஊசியால் குத்தி நூலில் ஏற்றிவிடுங்கள். இதை நான் ஒருநாளும் தவிர்ப்பதில்லை. பின்னும்போது சுற்று முடிகிற இடமும் காகிதமும் ஒன்றாக வந்தால் கணக்குச் சரி, கிழித்துப் போட்டுவிட்டுத் தொடரலாம். காகிதம் ஒரு மணி முன்னாலோ பின்னாலோ வந்தால் அந்தச் சுற்றிலேயே தப்பைப் பிடித்துவிடலாம். இல்லையென்றால் இருபது சுற்று தாண்டி, ரோஜாவின் ஓரம் படிக்கட்டு மாதிரி நகர்ந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

மணி கூடுதலாக இருந்தால் உடைத்து எடுக்கலாம். குறடால் நசுக்கக் கூடாது, கண்ணாடிச் சில்லு உள்நோக்கிப் பாய்ந்து நூலை அறுத்துவிடும். தடித்த ஊசி ஒன்றை மணித் துளைக்குள் நூலோடு சேர்த்து நுழைத்து அழுத்தினால் மணி வெளிப்பக்கம் விரிந்து உடையும், நூல் தப்பிக்கும். ஒரு துணியால் மூடிக்கொண்டு செய்யுங்கள், கண்ணுக்கு மிக அருகில் வைத்துச் செய்யாதீர்கள். மணி குறைந்தால் அது இன்னும் சுலபம். அந்தக் கண்ணியை மணி இல்லாமல் பின்னிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு அதே நூலில் அந்த ஒரு மணியைத் தைத்துவிடலாம்.

மணிக்கும் நூலுக்கும் வருவோம். பாசிமணியின் எண் கூடக்கூட மணி சிறிதாகும். 8 எண் ஏறக்குறைய 3 மி.மீ., 11 எண் 2 மி.மீ.க்குச் சற்று மேல், 15 எண் ஒன்றரை. கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில் 15தான் சிறியது. நீங்கள் பார்த்த 1830ஆம் வருஷத்துப் பையை அதே நுணுக்கத்தோடு இன்று செய்வது கடினம் என்பதற்கு இதுவே பெரிய காரணம். 11 எண்ணில் தொடங்குங்கள். கிராமுக்கு ஏறக்குறைய 110 மணி நிற்கும்.

ஆரி வேலைக்குப் பொருள் விற்கிற கடைகளில் சுகர் பீட்ஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சென்னையில் பாரிமுனைப் பக்கம் கிலோ கணக்கிலும் வாங்கலாம். ஒரே பாக்கெட்டுக்குள் மெல்லியது, தடித்தது, துளை அடைபட்டது எல்லாம் கலந்திருக்கும். ஜாக்கெட்டில் தைக்க அது பரவாயில்லை. பின்னலுக்கு ஆகாது. வெள்ளைத் தட்டில் கொட்டி ஒரே அளவாகப் பொறுக்கி எடுங்கள். நான்கில் ஒரு பங்கு கழிந்தாலும் கழியட்டும். ஜப்பான் மணி விலை அதிகம், ஆனால் அளவு ஒன்று போல இருக்கும், துளையும் பெரிது. படம் போட்ட பைக்கு நான் அதைத்தான் வாங்குகிறேன். ஒரே நிறப் பைக்கு நம் ஊர் மணி தாராளமாகப் போதும்.

சாயம் போகுமா என்றும் பார்த்துவிடுங்கள். ரோஸ், ஊதா நிறங்களில் பலவும் மேலே சாயம் ஏற்றியவை. பத்து மணியை நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். நிறம் மங்கினால் அதைப் பைக்கு எடுக்காதீர்கள். ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டு, நான் பின்னிய பை ஒன்றில் ரோஜா இதழெல்லாம் ஒரே வருஷத்தில் வெளிறிப்போயிற்று. அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

நூல், 8 எண் பேர்ல் காட்டன். 10 கிராம் உருண்டையாக எம்ப்ராய்டரி கடைகளில் ஆங்கர் நூல் கிடைக்கும். 15 எண் மணிக்கு அது நுழையாது, பட்டு நூல் மெல்லிதாக வேண்டும். 11 எண்ணில் நுழைகிறதா என்று கடையிலேயே பத்து மணி கோர்த்துப் பாருங்கள். ஊசிக் காதில் நூல் இரட்டையாகும் என்பதால் ஊசியில் கோர்ப்பது பலசமயம் நடக்காது. நூல் முனையில் மூன்று விரற்கடை நீளத்துக்குப் ஃபெவிகால் தடவி, விரலால் உருவி, காய்ந்ததும் சாய்வாக வெட்டுங்கள். அந்த முனையே ஊசி. மழுங்கினால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம்.

முழுதும் மணி நிறைந்த பைக்குப் போகும் முன் ஒரே நிறத்தில் இன்னொரு வகையைச் செய்து கைபழகிக்கொள்ளுங்கள் என்பேன். இதில் மணி கண்ணிக்குள் ஏறாது. இரண்டு கண்ணிக்கு நடுவே தொங்கும். முறுக்க வேண்டாம், வரிசைக் கணக்கும் இல்லை. 26 கண்ணி போட்டு, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி, எல்லா வரியும் சாதாரணப் பின்னல். வெளிப்பக்கமாக இருக்கப்போவதை உங்களுக்கு எதிர்ப்பக்கம் வைத்துப் பின்னும் வரிகளில் மட்டும் மணி வைக்க வேண்டும். இரண்டு கண்ணி பின்னி, மணியை ஊசியை ஒட்டித் தள்ளி, அடுத்த இரண்டு கண்ணி என்று போனால் வரிக்கு 12 இடம் கிடைக்கும். மணி எதிர்ப்பக்கத்தில் தங்கும். திரும்பி வரும் வரி மணி இல்லாமல்.

முதல் நான்கு மணி வரிகளில் இடத்துக்கு 1 மணி. அப்புறம் ஆறு வரிக்கு 2, ஆறு வரிக்கு 3, ஆறு வரிக்கு 4, கடைசி நான்கு வரிக்கு 5. கண்ணி எண்ணிக்கை மாறவே இல்லை, ஆனாலும் பை வாயில் குறுகி, அடியில் அகன்று, மணிச்சரம் தோரணம் போல வளைந்து தொங்கும். ஒரு பக்கத்துக்கு 936 மணி. அப்படியே நிறுத்தாமல் 5இலிருந்து 1 வரை திரும்ப இறங்கி வந்தால் மறுபக்கமும் முடிந்தது. மொத்தம் 1,872. தோராயமாக 17 கிராம், 25 கிராம் வாங்கினால் கழிவுக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். நடுவில் மடித்து இரண்டு ஓரத்தையும் தைத்து, வாயில் கயிறு போட்டால் தோடும் மோதிரமும் வைக்கிற அளவுக்குச் சுருக்குப் பை. மாலை நேரங்களில் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடியும்.

பழைய பை உங்கள் கைக்கு எப்போதாவது வந்தால் ஒன்று செய்யுங்கள். தொங்கவிடாதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேற்பட்ட பட்டு அந்த மணிகளின் எடையைத் தாங்காது. ஓரிடத்தில் அறுந்தால் அங்கிருந்து மணி கொட்டத் தொடங்கிவிடும். வெள்ளைத் துணிமேல் படுக்கவைத்துப் பாருங்கள், போதும்.

கடைசியாக, நீங்கள் பின்னி வைத்திருக்கும் அந்த ரோஜா. அதைத் தூக்கிப் போட வேண்டாம், மறுபடி கோர்க்கவும் வேண்டாம். மணிகள் பின்னும் வரிசையிலேயே கோர்க்கப்பட்டிருக்கின்றன, நூலின் தவறான முனையிலிருந்து பின்னியதுதான் பிரச்சினை. பின்னலைப் பிரியுங்கள். மணி நூலைவிட்டு வெளியே வராதபடி தொடக்க முனையில் ஒரு பெரிய முடிச்சுப் போடுங்கள். நூற்கண்டுப் பக்கம், கடைசி மணியைத் தாண்டி இரண்டு மீட்டர் விட்டு வெட்டுங்கள். எல்லா மணியையும் கொஞ்சம் கொஞ்சமாக முடிச்சுப் பக்கம் தள்ளிவிடுங்கள். இப்போது வெட்டிய முனையில் 40 கண்ணி போட்டு, பின்காலில் ஊசியை விட்டு, ஒவ்வொரு மணியாகத் தள்ளிப் பின்னுங்கள். நீங்கள் முதன்முதலில் கோர்த்த அந்தக் கீழ் வரி வலது ஓரத்து மணிதான் முதலில் வரும். ரோஜா நேராக எழும்.